மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கார்ப் பிரியர் இருவர் சந்திப்பாராயின், பேச்சு எங்கே தொடங்கினும் ஈற்றில் எஞ்சினிலேதான் வந்து நிற்கும். ஒருவர் பழைய 'சோமசெற்' காரின் இரும்பு வலிமையைப் புகழ்வார். மற்றவர் புதிய யப்பானிய வண்டியின் எரிபொருட் சிக்கனத்தை எடுத்துரைப்பார். இவ்வழக்கிலே தீர்ப்புக் கூறுமுன், இம்மண்ணில் அந்தப் பழைய எஞ்சின்களுக்கு நேர்ந்த கடும் பரீட்சை ஒன்றை நினைவுகூர்தல் நன்று.

இரண்டாம் உலகப் போரின் பின் இங்கிலாந்திலிருந்து வந்த சிறு கார்களுள் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஆகிய இரண்டும் எம்மவர் உள்ளத்தைக் கவர்ந்தவை. ஒஸ்ரின் ஏ40 வரிசையிலே 'டெவன்' 1947இலும் 'சோமசெற்' 1952இலும் வெளிவந்தன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமாகி, 16 இலட்சத்துக்கும் மேலான எண்ணிக்கையிற் செய்யப்பட்டது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் அரசு கார் இறக்குமதியை இறுக்கிற்று. புதியது வாராதபோது பழையதைக் காப்பதன்றி வேறு வழி யாது? உதிரிப்பாகங்களைக் கடைந்தும் ஒட்டியும் வண்டிக்கு உயிர்கொடுக்கும் கைத்திறன் எமது கராஜ்களிலே வளர்ந்தது.

அத்திறனுக்கு உண்மையான சோதனை 1990இல் வந்தது. அவ்வாண்டு ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஆயினும் நோயாளர் ஆசுபத்திரிக்குச் செல்லவேண்டும். மணமக்கள் ஊர்விட்டு ஊர் போகவேண்டும். எனவே, விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயைக் கொண்டே கார்களை ஓட்டத் துணிந்தனர் எம்மவர். குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால், காபரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெயை உண்ணத் தொடங்கும். வெண்புகையும் நெடியும் பின்தொடர, அவ்வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடின.

இது மாயமன்று, விஞ்ஞானமே. சிலிண்டரினுள்ளே காற்றும் எரிபொருளும் கலந்த கலவை முதலில் அமுக்கப்படுகின்றது. பின்னர் மின்பொறியாற் கொளுத்தப்படுகின்றது. அமுக்கம் மிகுந்தால், தரங்குறைந்த எரிபொருள் பொறியின் சுவாலை வந்தடையுமுன் தானே வெடித்து, எஞ்சினைத் தட்டச் செய்யும். ஒஸ்ரின் ஏ40 எஞ்சின் கலவையை ஏறக்குறைய 7இல் ஒரு பங்காகவே அமுக்கிற்று. ஆகையால் மண்ணெண்ணெயையும் அது ஒருவாறு சகித்துக்கொண்டது. மேலும், பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்யவும் காபரேற்றரைத் திருத்தவும் மெக்கானிக்கின் கையிலுள்ள திருகாணிச் சாவியே போதுமாயிருந்தது.

ஆயின், பழையதே சிறந்ததென்று முடிவுகட்டிவிடலாமா? அது நீதியாகாது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது; பிளக்குகளிலே கரி படிந்தது; பாகங்கள் விரைந்து தேய்ந்தன. ஏ40இன் 1200 சிசி எஞ்சின் தந்த வலு சுமார் 40 குதிரைவலு. இக்காலத்து 660 சிசி யப்பானிய எஞ்சினோ அதன் பாதியளவே இருந்தும் ஏறத்தாழ 50 குதிரைவலுவைத் தருகின்றது. கலவையை 10இல் ஒரு பங்கினும் சிறிதாக அமுக்கி, எரிபொருளைக் கணினியின் கட்டளைப்படி அளந்து தெளிப்பதனாலே கிடைக்கும் நன்மை இது. புகையும் வெகு குறைவு. ஆனால் இத்தகைய எஞ்சினுக்கு மண்ணெண்ணெயை ஊட்டினால் அது தாங்காது. அதன் பழுதறியக் கருவியும் கல்வியும் வேண்டும்.

மின்கார் விரும்பிகளும் இவ்விவாதத்திலே சேர்ந்துகொண்டுள்ளனர். 2022இல் இலங்கை முழுவதும் பெற்றோலுக்கு நீண்ட வரிசையிலே நின்றபோது, அவர்களுடைய வாதம் வலுப்பெற்றது. எனினும் அதே ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரமும் நின்றதை மறத்தலாகாது. கூரையிலே சூரியத் தகடும் சேமிக்கும் பற்றரியும் உள்ள வீட்டுக்கே அக்கார் முழு உதவியாகும். வெயிலுக்குக் குறைவில்லாத எம் நாட்டில் இது சிந்திக்கத் தக்கது.

ஆகவே, எஞ்சினின் பெருமையை வேகத்தாலும் வலுவாலும் மட்டும் அளத்தல் போதாது. நெருக்கடி வந்தபோது அதைத் திறந்து, அறிந்து, திருத்தி ஓட்டவல்லவர் எம்மிடையே உளரா என்பதே முதல் வினா. 1990களில் எமது வண்டிகளை ஓடவைத்தவை இரும்பும் எண்ணெயும் மட்டுமல்ல. அவ்விரும்பின் இயல்பை அறிந்த மெக்கானிக்குகளின் அறிவுமாகும். அவர்களிற் பலர் இன்று முதுமையெய்திவிட்டனர். அவர்கள் அறிந்தவை எழுதிவைக்கப்படாமலே மறைந்துபோதல் எமக்குப் பெருநட்டம்.

மாணவ நண்பர்களே! விடுமுறை நாளொன்றில் உங்கள் ஊரின் பழைய மெக்கானிக் ஒருவரிடம் சென்று, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய விதத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் காபரேற்றரைக் கற்ற அதே ஊக்கத்தோடு நீங்கள் பற்றரியையும் மின்மோட்டாரையும் கற்றுக்கொள்ளுங்கள். அப்பொழுது, அடுத்த பரீட்சை எவ்வுருவில் வரினும் எமது வண்டிகள் வழியில் நில்லா.