பேரிங்கில் சிக்கிய துகள்

டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட். அமெரிக்காவில் 'ஃபுல் சைஸ் எஸ்யூவி' என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர்கள் இவை. நான்கும் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்புகள். சபர்பன் என்ற பெயர் 1935 முதல் விற்பனையில் இருக்கிறது. குடும்பம் மொத்தமும் ஏறி உட்கார்ந்து, பின்னால் ஒரு படகையும் கட்டி இழுத்துப் போகலாம். இவற்றின் உயர்ரக மாடல்களில் 6.2 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின், 420 குதிரைத்திறன்.

2025 ஏப்ரலில், இந்த இன்ஜின் பொருத்திய 2021 முதல் 2024 வரையிலான மாடல்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. பிக்கப் வண்டிகளையும் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் 5,97,000க்கு மேல். உலகம் முழுக்க 7,21,000. பேரிங், கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு ஆகியவற்றின் பழுதோடு தொடர்புடையதாக இருக்கக்கூடிய 28,102 புகார்கள் அமெரிக்காவிலிருந்து தன்னிடம் வந்திருந்ததாக அது அரசிடம் தெரிவித்தது. அவற்றில் 14,332 புகார்கள் சொன்னது ஒன்றுதான்: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உந்துவிசை போய்விட்டது. சிலருக்கு அதற்கு முன் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்டது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

வாங்கிச் சில ஆண்டுகளே ஆன, ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்ஜின் ஏன் இப்படிச் சாகிறது? விடை, கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணெய்ப் படலத்தில் இருக்கிறது.

பிஸ்டனின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டனையும் அதையும் இணைப்பது கனெக்டிங் ராடு. ராடும் கிராங்க் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் உள்ள பேரிங்கில் குண்டுகள் கிடையாது. மென்மையான உலோகப் பூச்சு கொண்ட இரண்டு அரைவட்டத் தகடுகள், அவ்வளவுதான். தகட்டுக்கும் கிராங்க் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அந்த இடைவெளிக்கு ஆயில் பம்ப் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் தண்டைத் தாங்குவது பம்பின் அழுத்தம் அல்ல. சுழலும் தண்டே எண்ணெயைத் தன்னோடு இழுத்து, குறுகிக்கொண்டே போகும் இடுக்குக்குள் திணிக்கிறது. அங்கே அழுத்தம் நூற்றுக்கணக்கான மடங்கு ஏறி, தண்டைத் தகட்டிலிருந்து தூக்கிவிடுகிறது. மழைச் சாலையில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறி மிதக்குமே, அதே இயற்பியல். அங்கே அது ஆபத்து. இங்கே இன்ஜினின் உயிரே அதுதான். பாரம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் இந்தப் படலத்தின் தடிமன் ஓரிரு மைக்ரான் அளவுக்குக்கூட இறங்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தொழிற்சாலையில் உலோகத்தைத் துளையிட்டபோதும் கடைந்தபோதும் உதிர்ந்த பொடி, கழுவிய பிறகும் எண்ணெய் வழியில் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? துகள் மிகச் சிறியதாக இருந்தால் மென்பூச்சில் புதைந்துபோகும். பூச்சை மென்மையாக வைத்திருப்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று. படலத்தைவிடப் பெரிய துகள் தண்டைக் கீறும். கீறிய இடத்தில் படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உரசும். சூட்டில் பூச்சு இளகும், தகடு இடம்பெயர்ந்துவிடும். அதன் பிறகு நிமிடக் கணக்குதான். ராடு முறிந்து இன்ஜின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்ட காரணங்களும் இவற்றை ஒட்டியவையே: ராடுகளிலும் கிராங்கின் எண்ணெய் வழிகளிலும் தங்கிய கசடு, அளவும் மேற்பரப்பு வழவழப்பும் பிசகிய கிராங்க் ஷாஃப்ட்டுகள்.

நம்பகத்தன்மைக்குப் பேர்போன டொயோட்டாவும் இதிலிருந்து தப்பவில்லை. 2024 மே மாதம் டன்ட்ரா பிக்கப், லெக்சஸ் எல்எக்ஸ் எஸ்யூவி ஆகியவற்றில் சுமார் 1,02,000 வண்டிகளை அது அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. இது இரட்டை டர்போ வி6, முற்றிலும் வேறு வடிவமைப்பு. ஆனால் பழுது அதே வகைதான்: உற்பத்தியின்போது உள்ளே தங்கிய பொடி, கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள். டொயோட்டா இன்ஜினையே மாற்றித் தர முன்வந்தது.

ஜெனரல் மோட்டார்ஸின் தீர்வு வேறு. சோதனையில் தேறாத வண்டிகளுக்குப் பழுதுநீக்கம் அல்லது புது இன்ஜின். தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில் 0டபிள்யூ-40. கூடவே 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வரை நீட்டித்த உத்தரவாதம். எரிபொருள் மிச்சமாவதற்காகத்தான் 0டபிள்யூ-20 போன்ற நீர்த்த ஆயிலை நிறுவனங்கள் நாடுகின்றன. உராய்வில் வீணாகும் ஆற்றல் அதில் குறைவு. 40-ஆம் எண் ஆயில் 100 டிகிரி சூட்டில் அதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பிசுபிசுப்பு கொண்டது. அதனால் படலமும் தடிக்கும், துகளுக்கு ஈடுகொடுக்கும் வாய்ப்பு கூடும். அறிவியல்படி இது சரியான முன்னெச்சரிக்கை. ஆனால் உள்ளே கிடக்கும் துகளை எந்த ஆயிலும் கரைத்துவிடாது. பெரும் பணம் கொடுத்து வண்டி வாங்கியவர்கள் "ஆயிலை மாற்றினால் போதுமா?" என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி என்பதே என் எண்ணம்.

திரும்ப அழைத்த வண்டிகளில் 100க்கு 3 வண்டிகளில் இந்தக் குறை இருக்கலாம் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. அப்படியானால் 97 பேர் "தங்கமான வண்டி" என்பார்கள். மூன்று பேர் "கிட்டேயே போகாதே" என்பார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மை. வாங்கப்போகிற ஒருவர் தெரிந்த நாலு பேரைக் கேட்டால் நாலு பேருமே அந்த 97-க்குள் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். புது வண்டி என்பதும் காப்பு ஆகாது. இயந்திரப் பழுதுகளைக் காலவாரியாக வரைந்தால் தொடக்கத்தில் உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் முதுமையில் மறுபடி உயர்ந்தும் போகும் என்று பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். தொடக்க மேட்டுக்குக் காரணம் தேய்மானம் அல்ல, தயாரிப்புப் பிழை.

ஆகவே ஒருவருடைய அனுபவம் பேச்சாகவே நின்றுவிடாமல் பதிவாக வேண்டும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் வண்டி வைத்திருக்கும் யாரும் இலவசமாகப் புகார் பதியலாம். 2025 ஜனவரியில் அந்த நிர்வாகம் இந்த வி8 மீது விசாரணையைத் தொடங்கியபோது அதனிடம் இருந்த உரிமையாளர் புகார்கள் 39 மட்டுமே. அவற்றோடு நிறுவனம் தாக்கல் செய்த சில கள அறிக்கைகள். அந்த 39 பேர் உட்கார்ந்து எழுதினார்கள். மூன்றே மாதத்தில் திரும்ப அழைப்பு வந்தது.

அமெரிக்காவில் உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ இந்த வண்டிகளை வைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஓட்டுநர் பக்கம் முன் கண்ணாடியின் அடியில் தெரியும் 17 இலக்க வண்டி அடையாள எண்ணை அந்த நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டால், சரிசெய்யாமல் விட்ட திரும்ப அழைப்பு ஏதும் உண்டா என்று உடனே தெரிந்துவிடும். வளைகுடா நாடுகளிலும் இவை நிறைய ஓடுகின்றன. அங்கே இவற்றை ஓட்டும் நம்மூர் ஓட்டுநர்கள் அதே எண்ணோடு டீலரிடம் விசாரிக்கலாம். இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்டால் வீடுவரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.