கனடா ஸ்பான்சர் விசா: மனைவி, பிள்ளைகளை அழைப்பது எப்படி? படிவத்தில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும்?

"நீ முதல்ல போய் செட்டில் ஆகு. அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டுக்கலாம்."

வெளிநாடு கிளம்பும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. கனடாவைப் பொறுத்தவரை இதில் தப்பில்லை. மனைவியையும் கணவரையும் பிள்ளைகளையும் பின்னால் அழைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது. பின்னால் அழைக்கப்போகிறவர் யாரோ, அவருடைய பெயர் முதலில் போகிறவரின் விண்ணப்பத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும்? ஸ்பான்சர் செய்ய யாருக்குத் தகுதி, பிள்ளைகளுக்கு வயது வரம்பு எவ்வளவு, வருமானம் காட்ட வேண்டுமா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் ஸ்பான்சர் செய்யலாம்?

18 வயது நிரம்பிய கனடா குடிமக்களும், நிரந்தரக் குடியிருப்பு உரிமை, அதாவது பி.ஆர். பெற்றவர்களும் ஸ்பான்சர் செய்யலாம். படிக்கப் போனவர்கள், வேலை அனுமதியில் இருப்பவர்கள் இந்தப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. குடியுரிமை பெற்றவர் வெளிநாட்டில் இருந்தபடியும் விண்ணப்பிக்கலாம். துணைவருக்கு பி.ஆர். கிடைத்ததும் கனடா திரும்பி அங்கே வாழப்போவதாக அவர் காட்டினால் போதும். பி.ஆர். மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கனடாவில் வசித்துக்கொண்டுதான் ஸ்பான்சர் செய்ய வேண்டும். 'ஊருக்கு வந்து ஒரு வருஷம் இருந்துட்டு, மனைவியோட சேர்ந்தே போயிடலாம்' என்று பி.ஆர். வைத்திருப்பவர் திட்டம் போட்டால் சிக்கல் வரும்.

சிறையில் இருப்பவர், திவாலானவர், உடல் ஊனம் தவிர்த்த வேறு காரணத்துக்காக அரசின் சமூக நல உதவித்தொகை வாங்குபவர், சில வன்முறைக் குற்றங்களில் தண்டனை பெற்றவர் ஆகியோருக்கு அனுமதி இல்லை. தானே ஸ்பான்சர் மூலம் துணைவராக வந்து பி.ஆர். வாங்கியவர், அதிலிருந்து 5 ஆண்டுகள் வரை புதிதாக ஒரு கணவரையோ மனைவியையோ ஸ்பான்சர் செய்ய முடியாது.

யாரையெல்லாம் அழைக்கலாம்?

சட்டப்படி மணந்த கணவர் அல்லது மனைவியை அழைக்கலாம். திருமணம் ஆகாமல் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து ஒன்றாக வாழ்ந்த துணைவரையும் அழைக்கலாம். ஒருபாலினத் தம்பதிகளுக்கும் இதே விதிதான். துணைவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

திருமணத்தின்போது இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும் என்பது 2015 ஜூன் முதல் விதி. மாப்பிள்ளை டொராண்டோவில், பொண்ணு திருச்சியில் என வீடியோ காலில் நடந்த கல்யாணம் இந்தப் பிரிவில் செல்லாது. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நின்று நடத்திய திருமணமும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்கு 22 வயதுக் கணக்கு

சார்ந்திருக்கும் பிள்ளை என்றால் 22 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது, துணைவரும் இருக்கக் கூடாது. 2014 ஆகஸ்ட்டில் இந்த வரம்பை 19 ஆகக் குறைத்தார்கள். 2017 அக்டோபர் 24 முதல் மறுபடியும் 22 ஆக்கிவிட்டார்கள். உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் 22 வயதுக்கு முன்பிருந்தே பெற்றோரின் பணத்தை நம்பி வாழும் பிள்ளைகளுக்கு இந்த வயது வரம்பு கிடையாது.

வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவார்கள்? முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில். அன்றைக்கு 21 வயது 11 மாதம் என்றாலும் போதும். பரிசீலனை முடிவதற்குள் 23 ஆனாலும் பாதிப்பில்லை. ஆனால், படிவம் குறையோடு திரும்பி வந்தால் அந்தத் தேதி கைவிட்டுப் போகும். 22-ஐ நெருங்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு கையெழுத்து விடுபட்டால்கூட விலை பெரிது.

வயதை அப்படி நிறுத்தி வைக்கலாம், கல்யாணத்தை நிறுத்தி வைக்க முடியாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது 'நல்ல வரன் வந்திருக்கு' என்று மகளுக்குக் கல்யாணம் முடித்தால், அன்றோடு அவர் சார்ந்திருக்கும் பிள்ளை இல்லை. வரனை விட வேண்டுமா, விசாவை விட வேண்டுமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. முடிவெடுக்கும் முன் இந்த விதி தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு சம்பளம் காட்ட வேண்டும்?

பலரும் பயப்படுவது இதற்குத்தான். அப்பா அம்மாவை ஸ்பான்சர் செய்யத்தான் குறைந்தபட்ச வருமானம் காட்ட வேண்டும். கணவர், மனைவி, பிள்ளைகளுக்குப் பொதுவாக அந்த நிபந்தனை இல்லை. அழைக்கப்படும் பிள்ளைக்கும் ஒரு குழந்தை இருந்தால் மட்டும் விதி மாறும்.

வருமான வரம்புக்குப் பதிலாக ஒரு பொறுப்பேற்பு உறுதிமொழியில் கையெழுத்து போட வேண்டும். துணைவருக்கு 3 ஆண்டுகள். 22 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு 10 ஆண்டுகள் அல்லது அவருக்கு 25 வயது ஆகும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அது. கியூபெக் மாகாணத்தில் இதற்குத் தனி விதிகள் உண்டு.

இந்தக் காலத்தில் அவர்கள் அரசின் சமூக நல உதவித்தொகை வாங்கினால், அந்தப் பணத்தை ஸ்பான்சர் செய்தவர் திருப்பிக் கட்ட வேண்டும். இடையில் விவாகரத்து ஆனாலும், வேலை போனாலும் உறுதிமொழி ரத்தாகாது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரல் 30-ல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி துணைவருக்கு மொத்தம் 1,205 கனடா டாலர். கைரேகை, புகைப்படப் பதிவுக்கு 85 டாலர் தனி. கட்டணம் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டும் நாளில் கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

'வராதவங்க பேரை எதுக்குப் போடணும்?'

இங்கேதான் முக்கியமான சிக்கல் வருகிறது. பி.ஆர். விண்ணப்பத்தில் குடும்ப விவரம் கேட்பார்கள். கூட வருகிறவர்களை மட்டும் எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கூட வராத கணவர், மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் எழுத வேண்டும். அவர்களும் மருத்துவப் பரிசோதனை உள்ளிட்ட சோதனைகளை முடிக்க வேண்டும்.

பிரிந்துபோன துணைவரிடம் வளரும் குழந்தையானாலும், கோர்ட் அந்தக் குழந்தையை முழுமையாக எதிர்த் தரப்பிடம் ஒப்படைத்திருந்தாலும் பெயரை எழுதியே ஆக வேண்டும்.

எழுதாவிட்டால்? கனடா குடிவரவு விதிமுறைகளில் 117(9)(ஈ) என்று சொல்லத்தக்க ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் பி.ஆர். ஆகும் நேரத்தில் அவருடைய குடும்ப உறுப்பினராக இருந்தும் சோதனைக்கு உட்படுத்தப்படாதவர், பின்னால் குடும்பப் பிரிவின் கீழ் வர முடியாது என்கிறது அது. இதற்குக் காலக்கெடு கிடையாது. 10 ஆண்டுகள் கழித்து, குடியுரிமையே வாங்கிய பிறகு கேட்டாலும் பதில் மாறாது.

பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு தாய்க்கு நடந்தது இதுதான். கனடா வந்தபோது, உடன் வந்த மகளைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லை என்று சொல்லியிருந்தார். ஊரில் இரண்டு மகன்கள் இருந்தார்கள். பின்னால் குடியுரிமை பெற்று மகன்களை ஸ்பான்சர் செய்தபோது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். அந்த விதி அரசமைப்பின் உரிமைச் சாசனத்தை மீறவில்லை என்று 2005-ல் தீர்ப்பு வந்தது. பெற்ற பிள்ளைகள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. படிவத்தில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கறார்? கூட வராத குடும்ப உறுப்பினருக்கு ஒரு தகுதிக் குறைபாடு இருந்தால், சில சூழல்களில் அது முதன்மை விண்ணப்பதாரரையும் பாதிக்கும். அதனால் குடும்பம் முழுவதையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பது அரசின் வாதம்.

கடைசி நேரக் கல்யாணம்

வேண்டுமென்றே மறைப்பவர்கள் ஒரு பக்கம். பணிந்திறன் அடிப்படையில் பி.ஆர். கேட்பவர்கள், குடும்பத்தில் ஆள் கூடினால் வங்கியில் காட்ட வேண்டிய தொகையும் கூடும் என்பதற்காகப் பெயரை விடுவதுண்டு.

தெரியாமல் மாட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரு உதாரணம் பார்க்கலாம். விண்ணப்பிக்கும்போது ஒருவர் திருமணம் ஆகாதவர். பி.ஆர். உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் விமானம். 'கையோட கல்யாணத்தை முடிச்சிட்டு அனுப்பலாம்' என்கிறது வீடு. அவசரமாகத் தாலி கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கனடா போய் இறங்குகிறார். படிவம் நிரப்பிய நாளில் அவர் சொன்னது உண்மைதான். ஆனால், பி.ஆர். ஆகும் நொடியில் அவருக்கு மனைவி இருக்கிறார், அந்த மனைவியை யாரும் சோதிக்கவில்லை. மனைவி குடும்பப் பிரிவிலிருந்து வெளியே போய்விடுகிறார்.

விண்ணப்பத்துக்கும் கனடாவில் பி.ஆர். ஆவதற்கும் இடையே கல்யாணமோ, குழந்தையோ, விவாகரத்தோ எது நடந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். தாமதம் ஆகலாம், பயணத் தேதி தள்ளிப்போகலாம். ஆனால், அது சில மாதங்களின் இழப்பு. மறைத்தது பொய்த்தகவல் என்று முடிவானால் 5 ஆண்டுத் தடை வரை போகும். பி.ஆர். பறிபோகும் வாய்ப்பும் உண்டு.

பெயர் விட்டுப்போனவர்களுக்கு வழியே இல்லையா?

ஓரளவு இருக்கிறது. 2019 செப்டம்பர் 9-ல் கனடா ஒரு தற்காலிகச் சலுகையைக் கொண்டுவந்து, பின்னர் நீட்டித்தது. அகதியாக வந்தவர்கள், கனடாவில் அகதிப் பாதுகாப்பு பெற்றவர்கள், துணைவராகவோ பிள்ளையாகவோ ஸ்பான்சர் செய்யப்பட்டு வந்தவர்கள் ஆகியோர், விட்டுப்போன குடும்ப உறுப்பினரை இதன்கீழ் அழைக்கலாம். அந்தப் பெயரை அன்றே சொல்லியிருந்தாலும் தங்கள் தகுதி பாதிக்கப்பட்டிருக்காது என்றால் மட்டுமே இது பொருந்தும். 'பிள்ளை' என்ற தகுதியில் வந்தவர் தன் கல்யாணத்தை மறைத்திருந்தால் பலன் இல்லை. சலுகை தற்போது நடப்பில் இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு வழி, மனிதாபிமான அடிப்படையில் விதிவிலக்கு கேட்பது. குழந்தையின் நலன், பிரிவின் பாதிப்பு போன்றவற்றை அதிகாரி பார்ப்பார். இது உரிமை இல்லை, அதிகாரியின் முடிவு.

அகதிப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கு

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து கனடா சென்ற தமிழர்களில் பலர் அகதிப் பாதுகாப்பு கோரியவர்கள். இன்றும் அந்த வழியில் பாதுகாப்பு பெறுகிறவர்கள் குடும்பத்தைத் தனியாக ஸ்பான்சர் செய்யத் தேவையில்லை. தங்கள் பி.ஆர். விண்ணப்பத்திலேயே, வெளிநாட்டில் இருக்கும் துணைவரையும் பிள்ளைகளையும் சேர்த்துவிடலாம். இங்கேயும் அடிப்படை ஒன்றுதான். பெயர் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

கோயில் கல்யாணப் புகைப்படம் மட்டும் போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதை 2009-ம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. தமிழில் உள்ள சான்றிதழ்களை ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். கடந்த 10 ஆண்டுகளில் 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளிலிருந்து போலீஸ் சான்றிதழும் வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இதை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

விசாவுக்காகவே செய்த கல்யாணமா என்பதையும் அதிகாரி பார்ப்பார். பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம் என்பதாலேயே யாரையும் நிராகரிப்பதில்லை. பெண் பார்த்தது, நிச்சயம், அதன்பின் பேசியது, போய்வந்தது, பணம் அனுப்பியது என நடந்ததை நடந்தபடி காட்டினால் போதும்.

நிராகரித்தால்?

துணைவர் வெளிநாட்டில் இருக்கும் பிரிவில் விண்ணப்பித்திருந்தால், ஸ்பான்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கனடாவுக்குள் இருக்கும் துணைவருக்கான பிரிவில் அந்த உரிமை இல்லை. எந்தப் பிரிவில் போடுவது என்று முடிவெடுக்கும்போதே இதையும் யோசிக்க வேண்டும்.

ஏஜென்ட் சொன்னால் நம்பலாமா?

'அந்தப் பேரைப் போட்டா ஃபைல் லேட் ஆகும், விடுங்க' என்று யாராவது சொன்னால் உஷாராக வேண்டும். படிவத்தை நிரப்பியது யாராக இருந்தாலும் கையெழுத்து போட்டவர்தான் பொறுப்பு. காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை தர, உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும் அந்நாட்டு வழக்கறிஞர்கள் போன்றவர்களுக்கும் மட்டுமே அனுமதி.

ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள், கொடுத்த படிவத்தின் நகலை இன்றே ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். மனைவி, முதல் திருமணத்தில் பிறந்த பிள்ளை, போன மாதம் பிறந்த குழந்தை என எல்லோரும் அதில் இருக்கிறார்களா? ஒருவர் விடுபட்டிருந்தாலும், விமானம் ஏறுவதற்கு முன் குடிவரவுத் துறைக்கு எழுத்தில் தெரிவித்தால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. போய் இறங்கிய பிறகு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.