தூக்கம் வரும் நேரத்தைத் தீர்மானிப்பது எது?

கடிகாரம் இல்லாத அறை

உடலுக்குள் ஓடும் உயிர்க் கடிகாரம் பற்றி அறிய மதுரைக்காரர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் அதை ஆராயும் துறையையே வளர்த்தெடுத்தார். வெளிச்சம் எட்டாத குகைக்குள் இருக்கும் வௌவால்கள் அந்தி சாய்வதை எப்படி அறிகின்றன என்று ஆராய்ந்த அவரது குழு, பிறகு மனிதர்களையும் ஆராய்ந்தது. ஜன்னலோ கடிகாரமோ செய்தித்தாளோ இல்லாத அறையில் தன்னார்வலர்கள் நாட்கணக்கில் தங்கினார்கள். தோன்றியபோது தூங்கி, தோன்றியபோது எழுந்தார்கள். உலகின் பல இடங்களில் நடந்த இத்தகைய சோதனைகள் ஓர் உண்மையைக் காட்டின. நம் உடலின் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். 1999இல் அமெரிக்காவில் துல்லியமாக அளந்தபோது சராசரி 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. அந்த உபரி நிமிடங்களைத் தினமும் கழித்து நம்மைச் சூரியனோடு சேர்த்து வைப்பது, பெரும்பாலும் கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான். காலை வெளிச்சம் தூக்கத்தை முன்னுக்கு இழுக்கும். இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும்.

பிள்ளைகள் மீது போடும் பழி

வயதும் தூக்க நேரத்தில் கை வைக்கிறது. பருவம் எய்தியதிலிருந்து தூக்க நேரம் பின்னே நகர்ந்து, 20 வயதை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு மெல்ல முன்னே வருவதை ஜெர்மனியின் டில் ரோனபெர்க் குழு 2004இல் பல்லாயிரம் பேரிடம் பார்த்துப் பதிவு செய்தது. ஆகவே, இரவு பதினொன்றுக்கும் தூக்கம் வராத பிளஸ் டூ மாணவனை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பிவிட்டு, 'சோம்பேறி' என்று திட்டுவது நியாயமில்லை. 'நாங்களும் அந்த வயதைத் தாண்டித்தானே வந்தோம், நாலரைக்கே எழவில்லையா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பகலெல்லாம் வயல்வெளியில் நின்று, இரவில் ஒரு சிம்னி விளக்கோடு முடிந்த வாழ்க்கை அது. அவர்களை எழுப்பியதில் ஒழுக்கத்துக்கும் பங்கு உண்டு; வெளிச்சத்துக்கு உள்ள பங்கை நாம் மறந்துவிடுகிறோம். 2013இல் அமெரிக்காவின் கொலராடோ மலையில் மின்விளக்கின்றி ஒரு வாரம் முகாமிட்டவர்களின் உயிர்க் கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னே வந்தது.

மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்?

இந்தக் கேள்வி சரியானதே. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் பகல் பொழுது ஏறக்குறைய 12 மணி நேரம். ஆனால் தெருவில் கொட்டும் வெயில் கண்ணுக்கு வந்து சேர்ந்தால்தான் பயன். மேகம் மூடிய காலையிலும் வெளியே பல்லாயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். டியூப்லைட் எரியும் கடைக்குள்ளோ வகுப்பறையிலோ சில நூறு லக்ஸ்தான். அக்கினி நட்சத்திரத்தில் யாரையும் வெயிலில் நிற்கச் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்குள் மொட்டைமாடியிலோ வாசலிலோ அரை மணி நேரம் இருந்தால் போதும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. நள்ளிரவில் மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குபவருக்கு இந்த அறிவுரை அப்படியே பொருந்தாது. விடிந்து வீடு திரும்பும்போது அவர் வெயிலைத் தவிர்த்து, அறையை இருட்டாக்கித் தூங்குவதே நல்லது.

முதியவர்கள் நிலை வேறு. வயது ஏற ஏற விழிலென்ஸ் மஞ்சளாகி, உயிர்க் கடிகாரத்துக்கு வேண்டிய நீல ஒளியைத் தடுக்கிறது; கண்புரை முற்றினால் இன்னும் மோசம். மாலை ஏழுக்கே கண் சொருகி மூன்று மணிக்கு விழித்துவிடும் தாத்தாவுக்குக் காலை வெளிச்சம் தூக்கத்தை மேலும் முன்னே தள்ளக்கூடும். அவர் மாலை ஐந்து மணி வாக்கில் திண்ணையிலோ பூங்காவிலோ உட்கார்ந்திருக்கட்டும். கண்புரை இருக்கிறதா என்றும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.