மனமெனும் வனம் – 9: பெருமூச்சும் நெடுமூச்சும்

வன்னிப் பெருநிலத்தின் கிராமமொன்றிலிருந்து வைத்தியசாலைக்கு வந்திருக்கும் ஒரு தாயை நோக்கி, “என்னம்மா செய்யுது?” என்று வைத்தியர் வினவுவாராயின், மனம் சோர்ந்திருக்கிறது என்று அவர் விடை பகர்வது அபூர்வம். “நெஞ்சு அடைக்குது, கை கால் உளையுது, இரவிலை நித்திரை இல்லை, ஒரே யோசினை” என்பார். சொல்லி முடிக்குமுன் ஒரு பெருமூச்சு எழும். துயரம் இவ்வாறு தேகத்தின் வாயிலாகப் பேசும் ஒரு சமூகத்தில், தேகத்தையும் மூச்சையும் பற்றிக்கொண்டே மனத்தை அணுகுதல் பொருத்தமென்று கண்டு, பிராணாயாமம், ஜபம், தியானம், சாந்தியாசனம் முதலிய பழைய அனுஷ்டானங்களை நவீன உளச்சிகிச்சையினுள் அழைத்துவந்தவர்களுள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் முக்கியமானவர். சென்ற வாரம் நித்திரையின்மை பற்றி எழுதியபோது அவர் பெயரை மாத்திரம் சொல்லிச் சென்றேன். இவ்வாரம் அவருடைய மார்க்கத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிவுற்றபோது, மாதக்கணக்காகப் பதுங்குகுழிகளிற் கிடந்து உயிர்தப்பிய சனங்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர், செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முதலிய முகாம்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியோரின் நாமங்களை அம்முகாம்களுக்குச் சூட்டியவருடைய சிந்தையில் என்ன இருந்ததோ, யாமறியோம். அந்த மக்களின் மனநிலையை ஆராய்ந்து 2010இல் சோமசுந்தரம் வெளியிட்ட கட்டுரையின் சாரம், காயமுற்றது தனியொருவரின் மனம் மாத்திரமன்று, குடும்பமும் ஊரும் உறவுமுறையும் நம்பிக்கையும் ஒருங்கே காயமுற்றன என்பதாகும். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று துக்கத்தை நாள் வகுத்து ஆற்றிவந்த ஒரு சமூகம், பிணத்தை எடுக்கவும் அவகாசமின்றி ஓட நேர்ந்தது. ஆற்றும் வழியே அடைபட்டுப்போயிற்று. யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாண மாவட்டத்தில் நிகழ்த்தப்பட்ட ஆய்வொன்றில் நூற்றுக்கு 22 பேர் அளவில் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன என்றால், இறுதி யுத்தத்தின் நடுவிலிருந்து வந்த வன்னி மக்களின் நிலையை ஊகித்துக்கொள்வது கடினமன்று.

இத்தனை பெருந்தொகையினருக்கு உளமருத்துவர் எங்கே? ஒருவர் ஒருவராக இருத்திவைத்து மணிக்கணக்காய்ப் பேசுதல் நடவாத காரியம். ஆகவே, ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றி, அவர்கள் வாயிலாக ஆறுதல் முறைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் மார்க்கம் வகுக்கப்பட்டது. அவ்வாறு கற்பிக்கையில் அவரவர் சமயத்தில் ஏற்கெனவே உள்ள பயிற்சியையே அவரவர்க்குச் சொல்லவேண்டுமென்பது சோமசுந்தரத்தின் கொள்கை: சைவருக்கு மந்திர ஜபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி. இதில் உபசாரமாகச் சொல்லப்பட்ட சமரசம் ஏதுமில்லை. குழந்தைப் பருவத்திலேயே நாவிற் பதிந்துவிட்ட ஒரு நாமத்தை, அந்நியரிடம் கற்ற ஒரு வித்தையைப்போல முயன்று நினைவில் இருத்தவேண்டியதில்லை. கடுந்துயரில் இருப்பவருக்கு அந்தச் சிறு முயற்சியும் பாரமே.

இக்கொள்கைக்கு எதிர்பாராத இடமொன்றிலிருந்து ஆதரவு கிடைத்தது. இத்தாலியரான லூசியானோ பெர்னார்டியும் அவர்தம் சகாக்களும் ஆரோக்கியமுள்ள 23 பேரை இலத்தீன் மொழியில் மரியன்னை செபத்தையும், திபெத்தியரின் ‘ஓம் மணி பத்மே’ மந்திரத்தையும் உருவேற்றச் செய்து, 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். இரண்டின்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறளவாகத் தணிந்தது. இதயத் துடிப்பின் ஏற்றத்தாழ்வும் இரத்த அழுத்தத்தின் அலைகளும் அதனோடு இசைந்து ஒழுங்குற்றன. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டுத் தடவை மூச்செடுக்கிறோம். அச்சமுற்றவர் அதனினும் விரைவாகவும் மேலோட்டமாகவும் எடுப்பர். வெளிவிடும் மூச்சை நீட்டும்போது, மூளையிலிருந்து இறங்கி இதயத்தையும் குடலையும் தொடும் வேகசு நரம்பின் செயல் ஓங்கி, ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாய் விறைத்து நிற்கும் உடம்பு தளர்கிறது. குளத்துத் துருசை அளவாய்த் திறந்து நீரை விடுவதுபோல மூச்சை மெல்லமெல்ல விடவேண்டும் என்று சொன்னால் எங்கள் கமக்காரர் உடனே விளங்கிக்கொள்வர்.

மனச்சோர்வுக்கே இது எவ்வளவு பயன்படும் என்ற வினாவுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2000இல் ஒரு விடை தந்தனர். கடும் மனச்சோர்வுடைய 45 பேரை மூன்றாகப் பகுத்து, ஒரு பகுதியினருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சையும், மற்றொரு பகுதியினருக்கு இமிப்பிரமீன் மருந்தும், எஞ்சியோருக்குச் சுதர்சனக் கிரியை என்னும் மூச்சுப் பயிற்சியும் அளித்ததில், நான்கு வாரங்களின் பின் முறையே நூற்றுக்கு 93, 73, 67 என்ற விகிதத்தில் நோய் தணிந்திருந்தது. பிரிவுக்குப் பதினைந்து பேர் என்பது சிறு தொகை. மூச்சு மருந்துக்கு நிகரென்று பறைசாற்ற அது போதாது. புறக்கணிக்கத்தக்க பொருளன்று என்று கொள்ளப் போதும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வடகிழக்குக் கரையைத் தாக்கிய சில வாரங்களில், இடம்பெயர்ந்த 31 சிறுவரிடையே நடந்த மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் அண்மையானது. பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஒரு சாராரைத் தம் கதையை ஆதியோடந்தமாய்ச் சொல்லச் செய்தனர். மறு சாராருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கற்பித்தனர். ஆறு அமர்வுகளே. அரையாண்டின் பின் முதற் சாராரில் நூற்றுக்கு 81 வீதமும் மறு சாராரில் 71 வீதமும் மனவடு நோயிலிருந்து தேறியிருந்தனர். அங்கு அளக்கப்பட்டது மனச்சோர்வன்று, அதிர்ச்சியால் வந்த மனவடு; ஆனால் வன்னியில் அவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

பயிற்சியில் அவதானிக்கவேண்டிய சில உள. பூரகம், கும்பகம், இரேசகம் என்று திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் முதலான யோக நூல்கள் வகுத்தவற்றுள், கும்பகத்தை இம்மக்களுக்கு ஆரம்பத்தில் விட்டுவிடுதலே நன்றென்பது என் அபிப்பிராயம். செல் கூவிவரும் ஓசைக்கு மூச்சடக்கிக் கிடந்தவரை மறுபடி மூச்சை அடக்கச் சொன்னால், அந்த நாட்களே திரும்ப வந்து நிற்கும். கண்ணை மூடியவுடன் கண்டவை யாவும் எழுகின்றன என்பவர், விளக்குச் சுடரையோ முற்றத்து மரத்தையோ பார்த்தவாறு கண் திறந்தே பயிலலாம். விரைந்து மூச்சிழுக்கும் பஸ்திரிகை போன்றவை படபடப்புள்ளவருக்கு ஆகா. இல்லாத குரல்கள் கேட்பவரும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுடையவரும் தியானத்தை நம்பித் தனித்திருத்தல் கூடவே கூடாது; அவர்களை அன்றைக்கே மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

வேறொரு வகையினரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் தொடங்கினர். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய்க்கு அந்தியேட்டியும் இல்லை, ஆறுதலும் இல்லை. அவளிடம் சென்று மனத்தை அமைதிப்படுத்தம்மா என்பவர், கேள்வியைக் கைவிடு என்று சொல்வதாகவே அவள் செவியில் விழும். அவ்வாறு விழுவதில் நியாயமும் உண்டு. அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கப் போகிறவர், இரவில் நாலு மணித்தியாலம் நித்திரை கொள்ளவும், மறுநாள் கச்சேரிக்கு மனுவோடு போக உடம்பிற் பெலன் இருக்கவும் இது உதவும் என்று மட்டும் சொன்னாற் போதும்.

மூச்சு பழகத் தொடங்கியதும் வைத்தியர் தந்த குளிசையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் நம்மிடையே பலர். அந்தக் குளிசைகள் என்ன செய்கின்றன, எவ்வளவு காலம் எடுக்கவேண்டும் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரையில் ஒருவரும் நிறுத்தவேண்டாம்.