பழைய பிக்கப் வாகனத்தின் எரிபொருள் தாங்கி: குறைபாடுகளை இனங்காணல்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை செல்லும் பாதையிலுள்ள மஹய்யாவ போன்ற ஏற்ற இறக்கமான இடங்களில் பழைய பிக்கப் வாகனங்கள் இன்றும் சுமை ஏற்றுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதனால் பழையவற்றைத் திருத்திப் பயன்படுத்தும் தேவை அதிகரித்தது. எஞ்சின் இடைவழியில் நின்றால், அதனைக் கழற்றுமுன் எரிபொருள் தாங்கியைச் சோதித்தல் வேண்டும்.

1. மூடியின் காற்றுத் துவாரம் அடைபடல்

அறிகுறி: சிறிது தூரம் ஓடியபின் எஞ்சின் நிற்கும். மூடியைத் திறக்கும்போது காற்று உட்புகும் ஓசை கேட்கும். பின்னர் எஞ்சின் இயங்கும்.
காரணம்: எரிபொருள் குறையும் அளவுக்குக் காற்று உட்செல்லாமையால் தாங்கியினுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறையும். பம்பியால் எரிபொருளை இழுக்க முடியாது.
பரிகாரம்: துவாரத்தைச் சுத்தஞ்செய்தல் அல்லது பொருத்தமான மூடி இடல்.

2. துருவும் அடையலும் சேர்தல்

அறிகுறி: ஏற்றத்தில் வலுக் குறைந்து எஞ்சின் நிற்கும். மூடியைத் திறந்தாலும் உடனே பயனில்லை. சில நிமிடங்களின் பின் இயங்கும்.
காரணம்: உறிஞ்சு குழாயின் வாயை அடைத்த துகள்கள், எஞ்சின் நின்றதும் விலகிவிடும்.
பரிகாரம்: தாங்கியைக் கழற்றிக் கழுவுதல், வடிகட்டியை மாற்றுதல்.

3. நீர் சேர்தல்

அறிகுறி: குறிப்பாகக் காலையில் எஞ்சின் விட்டுவிட்டு இயங்கும்.
காரணம்: அரைகுறையாக நிரம்பிய தாங்கியிலுள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராக ஒடுங்கும். நீரின் அடர்த்தி பெற்றோல், டீசல் இரண்டினதையும் விட அதிகம். எனவே நீர் அடியில் தங்கும்.
பரிகாரம்: அடியிலுள்ள திருகாணியைக் கழற்றி நீரை வடித்தல், இரவில் தாங்கியை இயன்றவரை நிரப்பி வைத்தல்.

4. எரிபொருள்மானி பிழை காட்டல்

அறிகுறி: முள் ஒரே இடத்தில் நிற்கும்.
காரணம்: மிதவை சிக்குதல், மாறுந்தடை தேய்தல் அல்லது மின்கம்பித் தொடுப்பு துருப்பிடித்தல்.
பரிகாரம்: முதலில் தொடுப்புகளைச் சுத்தஞ்செய்து பார்த்தல்.

பாதுகாப்பு

● வெறுந்தாங்கி ஆபத்தற்றது என எண்ணுவது தவறு. எஞ்சிய பெற்றோல் ஆவி காற்றுடன் கலந்து வெடிக்கக்கூடும். பொட்டு ஒன்றை அடைப்பதற்காகத் தாங்கியை ஒருபோதும் நீங்கள் ஒட்டவைக்க (வெல்டிங்) முயலாதீர்கள்.
● பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. தாழ்வான குழிகளில் தேங்கும். திறந்த வெளியில், தீச்சுவாலைக்குத் தூரத்தில் வேலைசெய்க.
● குழாயை வாயால் உறிஞ்சி எரிபொருள் எடுக்கும் பழக்கம் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்திலும் காணப்பட்டது. நுரையீரலுட் சென்றால் உயிராபத்து ஏற்படலாம். கைப்பம்பியைப் பயன்படுத்துக.

மாதிரி வினா

ஏற்றத்தில் நின்ற பிக்கப், மூடியைத் திறந்தவுடன் மீண்டும் இயங்கியது. குறைபாடு யாது? காரணம் தருக.

விடை: மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளது. மூடியைத் திறந்ததும் தாங்கியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்துக்குச் சமனாவதால் எரிபொருள் மீண்டும் பாய்கின்றது. (அடையல் எனின் மூடியைத் திறப்பதால் உடன் மாற்றம் ஏற்படாது என்பதையும் எழுதுக.)