திசைகாட்டி சொல்லும் சாட்சி

உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு என்பதை நம் திட்டக்குடிப் பகுதி மாணவர்கள் அறிவர். அக்காலப் போர் விமானங்கள் மறைந்துவிட்டன. அவற்றின் சில கருவிகள் மட்டும் பழம்பொருள் விற்போரிடம் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று விமானியின் திசைகாட்டி. “இது ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்தது” என்று கூறி அதனை விற்பர். அக்கூற்றை எவ்வாறு சோதிப்பது?

முதலில் கருவியைக் காண்போம். பிரிட்டிஷ் விமானங்களில் இருந்த ‘பி 8’ வகைத் திசைகாட்டி, ஆல்கஹால் கலந்த திரவம் நிரம்பிய கிண்ணம். காந்த ஊசியோடு இணைந்த மெல்லிய கம்பிகள் திரவத்தில் தடையை உண்டாக்குவதால், ஊசி நெடுநேரம் ஊசலாடாமல் விரைவில் நிலைகொள்ளும். மேலே பாகைகள் குறித்த சுழலும் வளையமும், அதன் குறுக்கே இணைக்கோடுகளும் உண்டு. செல்ல வேண்டிய திசையை வளையத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, ஊசி அக்கோடுகளுக்கு இணையாக நிற்கும்படி விமானி விமானத்தைத் திருப்பினால் போதும்.

கிண்ணத்தில் மகுடமும் ‘ஏ.எம்.’ என்ற எழுத்துகளும் இருந்தால், அது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் உடைமை. ‘6ஏ’ எனத் தொடங்கும் எண்ணோ கிடங்குப் பொருள் எண். விமானத்தின் எண் அன்று!

இங்கேதான் சிக்கல். 1942 முதல் இந்திய விமானப்படை ஓட்டிய ஹரிக்கேனிலும், 1944-இல் அதன் எட்டாம் படைப்பிரிவு பெற்ற ஸ்பிட்ஃபயரிலும் ‘பி 8’ இருந்தது. லங்காஸ்டர் போன்ற குண்டுவீச்சு விமானங்களில் ‘பி 10’ இருந்தது. ஆகவே ‘பி 10’ ஒன்றை ஸ்பிட்ஃபயருடையது என்று கூறினால் ஐயுறலாம். ஆனால் ‘பி 8’ என்பதனாலேயே அது ஸ்பிட்ஃபயருடையது என்று முடிவு கட்ட இயலாது.

அவ்வாறாயின் சான்று எது? ஒவ்வொரு விமானத்தின் இரும்புப் பகுதிகளும் காந்த ஊசியைச் சற்றே விலகச் செய்யும். எனவே விமானத்தைத் தரையில் பல திசைகளிலும் திருப்பி நிறுத்தி, பிழையை அளந்து, சிறு காந்தங்களால் திருத்துவர். எஞ்சிய பிழையை ஓர் அட்டையில் எழுதி விமானி அருகே வைப்பர். விமான எண்ணுடன் அந்த அட்டையும், கழற்றிய இடம் பற்றிய பதிவும் கிடைத்தால் அன்றிக் குறிப்பிட்ட விமானத்தைச் சுட்டுதல் அரிது.

ஓர் எச்சரிக்கை: இரவில் ஒளிர்வதற்காக இக்கருவிகளில் ரேடியம் கலந்த பூச்சு இட்டிருந்தனர். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளி மங்கியிருப்பினும் கதிர்வீச்சு மங்கவில்லை. ஆதலால் கண்ணாடியைத் திறப்பதோ, பூச்சைச் சுரண்டுவதோ கூடாது.

கருவி தன் வகையைச் சொல்லும்; தன் வரலாற்றைச் சொல்லாது. சான்று நிற்கும் இடத்தில் நம் முடிவும் நிற்பதே அறிவியல் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம் அன்றோ?