சென்னைக்கு எவ்வளவு தண்ணி வேணும்? கணக்கு எங்கே இடிக்குது?

வரும் கோடைக்கு வீடுகளுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை? பொதுவாக இதற்கு ஒரு பெருக்கல்தான் பதில்: மக்கள்தொகை × 135 லிட்டர். மத்திய அரசின் கையேடு சொல்லும் தினசரி அளவு இது, பெருநகரம்னா 150.

சிக்கல் என்னன்னா, வீடுகள் உண்மையில் செலவழிக்கும் அளவு இது இல்லை. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டரே கிடையாது. போர்வெல், தனியார் லாரி, கேன் தண்ணி எதுவும் மெட்ரோ வாட்டர் கணக்கில் வராது. 2019-ல் ஏரிகள் வறண்டபோது போர்வெல்களும் கைவிட்டன. கணக்கிலேயே இல்லாத தேவை, குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்றது.

வீட்டுக்கு வீடு மீட்டர் வரட்டும், அது மெதுவா நடக்கிற வேலை. அதுவரை பகுதிவாரியாக மெயின் குழாயில் மீட்டர் வைத்து, அந்தந்த இடத்து நிலத்தடி நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். மே மாதம் எந்தப் பகுதி மெட்ரோ தண்ணியைத் தேடி வரும் என்பது மார்ச்சிலேயே ஓரளவு பிடிபடும்.